போர்டு எழுத்தைக் கைப்பேசித் திரைக்குக் கொண்டுவருவது எப்படி?

இப்போது எந்தக் காபிக் கடை விளம்பரத்தைத் திறந்தாலும் 'பழைய போர்டு' பாணிதான். துருப்பிடித்த தகரம் போல ஒரு பின்னணி, அதன்மேல் ஊரே பயன்படுத்தும் ஓர் எழுத்துரு, மென்பொருள் தானாகப் போட்டுத் தரும் மங்கலான நிழல். அது போர்டு எழுத்து இல்லை, போர்டு எழுத்தின் மாறுவேடம். என் அப்பா மதுரையில் முப்பது வருடம் கடை போர்டு எழுதியவர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; 'ஆர்ட்டிஸ்ட்' என்பார்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகைகளைக் கழுவிக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். நான் கணினியில் விளம்பரம் செய்கிறேன். இந்தப் பாணியைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கியதும் பரணில் ஏற வேண்டியிருந்தது.

முதல் வேலை தெருவில்தான். கீழமாசி வீதி மாதிரி பழைய கடைகள் மிஞ்சியிருக்கும் இடத்துக்குக் காலையில் போங்கள். லாரிகளின் பின்பக்கம், தையல் கடை, சலூன், சைக்கிள் கடைச் சுவர் எல்லாவற்றிலும் பாருங்கள். நேர் எதிரே நின்று படமெடுங்கள். கீழிருந்து எடுத்தால் எழுத்தின் விகிதம் கெட்டுவிடும். முழு போர்டையும் எடுத்துவிட்டு, ஒரே எழுத்தை மட்டும் நெருங்கி எடுங்கள். தூரிகை எங்கே தொடங்கியது, எங்கே திரும்பியது, எங்கே பெயிண்ட் தீர்ந்து மறுபடி தொட்டார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அடுத்தது தாள். கட்டம் போட்ட தாளில் நான்கு கோடுகள் இழுங்கள். நடு இரண்டுக்குள் எழுத்தின் உடம்பு. மேலே இருப்பது ி, ீ வளைவுகளுக்கு. கீழே இருப்பது ு, ூ வால்களுக்கு. ஆங்கில போஸ்டர் செய்து பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வரிகளை நெருக்கி அடுக்கினால், மேல் வரியின் 'மூ' கீழ் வரியின் 'தீ'யை முட்டும். தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். எழுத்துகளுக்கு நடுவே அழகுக்காக இடம் விட்டு அகட்டுவதும் ஆகாது. 'கொ' மூன்று துண்டாகச் சிதறி நிற்கும்.

வாய் தட்டையான தூரிகையோ, வாய் வெட்டிய மார்க்கரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சொல், பெரும்பாலும் கடைப் பெயர், அதை மட்டும் கையால் எழுதுங்கள். குறைந்தது இருபது தடவை. விலை, முகவரி, நேரம் எல்லாம் எழுத்துருவிலேயே இருக்கட்டும். முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசம், பல தடிமன்களில் கிடைக்கின்றன. கையெழுத்தின் தடிமனுக்கு ஒரு படி மெலிந்ததை எடுங்கள். எல்லாவற்றையும் கையால் எழுதினால் எதுவும் கண்ணில் நிற்காது.

இனி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விஷயம்: 'ர'வும் துணைக்காலும். பல எழுத்துருக்களில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒரு இனிப்புக் கடைக்கு 'காரம்' என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "அது என்ன, கா... ஆம்?" என்றார். ஒரு காலையும் ஒரு 'ர'வையும் ஒரே அச்சில் வார்த்திருந்தேன். 'ர'வின் அடியில் சாய்வாக ஒரு வெட்டு இறங்க வேண்டும். துணைக்கால் தரையில் நேராக நிற்க வேண்டும். அவர் அந்தச் சாய்வைக் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலம் இறக்குவார். 'ள'வும் 'ஔ'வின் சிறகும் இதே வம்புதான், ஆனால் கடைப் பெயர்களில் அது அபூர்வம்.

பழமை வேண்டும் என்பதற்காக யானைத் துதிக்கை போன்ற பழைய 'லை' கேட்பார்கள். போடலாம். ஆனால் 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது மாறியவை 13 எழுத்துகள் மட்டுமே: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. இவற்றுக்குத்தான் பழைய வடிவம் உண்டு. அண்மையில் ஒரு போஸ்டரில் 'கை'க்கும் துதிக்கை முளைத்திருந்தது. அப்படி ஓர் எழுத்து எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

எழுதி முடித்த தாளை நிழல் விழாமல் படமெடுத்து இங்க்ஸ்கேப்பில் திறங்கள். இலவச மென்பொருள். 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்தால் படத்திலிருக்கும் எழுத்து, கோடுகளாலான வடிவமாக (வெக்டர்) மாறும். பிறகு கோட்டை வழவழப்பாக்கும் 'சிம்ப்ளிஃபை' ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. அதற்கு மேல் அழுத்தினால் தூரிகையின் நடுக்கம் போய்விடும். அந்த நடுக்கத்துக்காகத்தானே இவ்வளவு பாடும். பழைய ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் 'கெ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நிழலுக்கு மென்பொருளின் மங்கல் நிழல் வேண்டாம். எனாமல் பெயிண்டில் நிழல் வெட்டினாற்போல இருக்கும். எழுத்தை நகலெடுத்துக் கீழே நகர்த்தி, மூலைகளை நேர்கோட்டால் இணைத்து, ஒரே நிறம் கொடுங்கள். எந்தப் பக்கம்? அப்பா இடப்பக்கம் கீழே இறக்குவார். தமிழ் எழுத்தின் வளைவுகளும் கால்களும் பெரும்பாலும் வலப்பக்கம்தான் ஓடுகின்றன. நிழலும் அங்கேயே விழுந்தால் எழுத்துக்கு மூச்சு முட்டும். நிறம் மூன்றே டப்பா: பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. நான்காவது கேட்கும் வாடிக்கையாளரிடம் நான் மரியாதையாக மறுத்துவிடுவேன்.

செயற்கை நுண்ணறிவிடம் படம் கேட்கலாம், எழுத்து கேட்காதீர்கள். டீக்கடை ஒன்றை வரையச் சொன்னேன். ஆவி பறக்கும் கண்ணாடி டம்ளர் வரை அற்புதம். போர்டில் மட்டும் 'ஞ'வுக்கும் 'ஜ'வுக்கும் பிறந்த ஏதோ ஒன்று. போர்டை வெறுமையாக விடச் சொல்லிவிட்டு, எழுத்தை நீங்கள் ஒட்டுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1350 பிக்சல் அளவில் செய்கிறேன். 2025 ஜனவரியிலிருந்து கணக்குப் பக்கத்தில் படங்கள் அடுக்கித் தெரியும் கட்டங்கள் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்துக்கு மாறிவிட்டன. அதனால் இந்த அளவுப் படத்தில் இடமும் வலமும் ஏறத்தாழ 34 பிக்சல் அங்கே மறைந்துபோகும். கடைப் பெயர் ஓரத்தைத் தொடாமல் இருக்கட்டும். முடித்ததும் படத்தைப் பெருவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் நிழலின் பருமனைப் பாதியாக்குங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். அதன்பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துரு வரிகளையும் வடிவமாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். அவர்களிடம் அந்த எழுத்துரு இருக்காது. மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், தாளையும் எறிந்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து, "இதே எழுத்தில் 'கிளை' என்று சேர்த்துக் கொடுங்கள்" என்று வருவார்கள். அன்று உங்கள் கை வேறு கையாகியிருக்கும். அதனால் முதல் நாளே, அதே தூரிகையில் ஈரம் இருக்கும்போதே, 'கிளை', 'புதிய', 'திறப்பு விழா' மூன்றையும் எழுதி வைத்துவிடுகிறேன்.