ஒரே நூல், ஒரே தையல்: கலோத்தசெக் தலையணை முகப்பு தைப்பது எப்படி

"ஹங்கேரியன் எம்ப்ராய்டரி பழக்குவீங்களோ ரீச்சர்?" என்று கேட்டு வருகிற பிள்ளைகள் முக்கால்வாசிப்பேர் போனில் காட்டுவது பலநிற ரோசாப்பூக்கள் நெருக்கியடித்த துணியைத்தான். அது மத்யோ வேலை. ஹங்கேரியின் வடகிழக்கில் மெசோகொவெஷ்ட் பக்கத்து ஆட்களுடையது; 2012இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. வடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டி நிறைய நிற நூல் வேண்டும், நிரப்புத் தையலில் கை நன்றாகப் படிந்திருக்கவும் வேண்டும். ஆகவே முதலில் நான் பழக்குவது ஈராஷொஷ் என்ற வேலை. ஒரு நிறம், ஒரு தையல், அவ்வளவுதான். சாமான் செலவு குறைவு. சோலி எல்லாம் வரைவதில்தான்.

இது ட்ரான்சில்வேனியாவில், க்ளூஜ் நகரத்துக்கு மேற்கே கலோத்தசெக் என்ற பகுதியிலுள்ள ஹங்கேரியக் கிராமங்களின் வேலை. இன்றைக்கு அது ருமேனியாவுக்குள் இருக்கிறது. அந்த வீடுகளில் 'சுத்த அறை' என்று ஒன்று உண்டு. நிறம் தீட்டிய கட்டில், பூ வரைந்த பெட்டகம், சுவர் நிறையக் கோப்பைகள். கட்டிலில் தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரையைத் தொடுமளவுக்கு அடுக்கியிருப்பார்கள். ஒருவரும் படுப்பதில்லை. எங்கள் வீட்டு ஹோலில் சோகேசுக்குள் ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றாத கோப்பை செற் இருக்கிறதே, அந்தக் கதைதான். பெண்ணோடு வந்த சீதனத்தை ஊர் பார்க்க வேண்டும். அறைப் பக்கம் தெரிவது தலையணையின் ஒரு முனை மட்டும் என்பதால் அந்த முனையில்தான் வேலை செய்வார்கள். மிச்சம் வெறும் துணி. இந்தச் சிக்கனம் எனக்கு நல்லாகப் பிடிக்கும்.

1885இல் புடாபெஸ்ட் கண்காட்சியில் இந்த வேலையை வைத்து வெளியுலகத்துக்குக் காட்டியவர் ஜார்மத்தி ஜிகானே என்ற பெண்மணி. எனக்குக் காட்டியது ஜேர்மனியில் என் தங்கச்சிக்குக் கீழ்வீட்டில் இருக்கும் ஒரு சாக்சன் அம்மா. சாக்சன்காரர் 12ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிய அரசன் இரண்டாம் கேசா அழைத்து ட்ரான்சில்வேனியாவில் குடியேறிய ஜேர்மன் மொழிக்காரர். 1989க்குப் பிறகு பெரும்பாலானோர் ஜேர்மனிக்கே போய்விட்டார்கள். அந்த அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சிவப்புத் தலையணை முனையைத் தங்கச்சி கையில் இங்கே கொடுத்துவிட்டா. முன்பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் பிடிபடாத தையல், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தவுடன் பிடிபட்டது. பின்னால் ஒரே சரிவில் சின்னச் சின்னக் கோடுகள்தான்.

துணி: தடித்த பருத்தி, வெள்ளை அல்லது வெளுக்காத பழுப்பு. கைத்தறிப் படுக்கை விரிப்புத் தடிப்பு சரியாக இருக்கும். பொலியெஸ்டர் கலந்தது வேண்டாம், வழுக்கும். எங்கள் தலையணை 18 அங்குல அகலம் என்றால் முகப்புக்கு 20 அங்குலத்துக்கு 14 அங்குலம் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட வேண்டும். புதுத் துணி சுருங்காமல் விடாது. தைத்தபிறகு சுருங்கினால் வேலை முழுதும் கூனிப் போகும்.

நூல்: பெரியகடையில் வாங்கும் ஆறிழை எம்ப்ராய்டரி நூல் என்றால் ஆறு இழையையும் பிரிக்காமல் ஊசியில் கோர்த்துக்கொள்ளுங்கள். என் விருப்பம் தடித்த குரோசே பருத்தி நூல். உருண்டையாக நிற்கும், தட்டையாகாது, விலையும் குறைவு. நிறம் சிவப்பு, நீலம், கறுப்பு, மூன்றில் ஒன்று. அங்கே சிவப்பு இளம் ஆட்களுக்கு. வயது போகப் போக, துக்கம் வர வர, நிறம் இருண்டுகொண்டு போகும். முதல் துண்டுக்குச் சிவப்பே எடுங்கள். இரண்டு நிறத்தைக் கலக்க ஆசை வரும். வேண்டாம், கலந்தால் அது வேறு வேலை.

எவ்வளவு நூல் வேண்டும் என்று கடைக்குப் போகமுன் கணக்குப் பாருங்கள். இந்தத் தையல் நூல் குடிக்கும்: வரைந்த கோட்டின் நீளத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. 8 மீற்றர் நூற்கண்டு ஒன்றில் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூடிய கோடுதான் தைக்கலாம். படம் முழுதும் 12 மீற்றர் கோடு என்றால் பதினொரு கண்டு. பாதியில் முடிந்துபோய்த் திரும்ப வாங்கினால் சாயம் ஒரு பொட்டு மாறியிருக்கும், அது நெடுக உறுத்தும். ஒரேயடியாக வாங்குங்கள்.

சிவப்பு நூல் சாயம் போகுமா என்று பார்க்காமல் தைக்கத் தொடங்கக் கூடாது. ஒரு முழ நூலை வெள்ளைத் துணித்துண்டில் சுற்றிச் சுடுதண்ணீரில் போட்டு ஆறவிடுங்கள். வெள்ளைத்துணி ரோசாவானால் அந்த நூலை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

இனி வரைதல். கலோத்தசெக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு தைப்பார்கள், ஆனால் வரைவதற்கென்று தனியாகப் பெண்கள் இருந்தார்கள். துணியைக் கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்தால் அச்சு ஒன்றும் வைக்காமல் கையாலேயே வரைந்து தருவார்கள். ஆகவே காபன் தாள், இணையத்தில் இறக்கிய படம் இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். படியெடுத்த கோடு விறைத்து நிற்கும்; கையால் இழுத்த கோட்டில்தான் ஓட்டம் இருக்கும்.

வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, ஈர்க்கின் நுனியை நசுக்கித் தொட்டு வரையுங்கள். கழுவினால் போய்விடும், அதையும் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். போல்பொயின்ற் பேனை கூடவே கூடாது. துணியை நடுவில் மடித்து நகத்தால் கீறினால் நடுக்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் அடியில் ஒரு இதயம். அதிலிருந்து மேலே தண்டு, தண்டின் உச்சியில் துலிப் பூ. துலிப்புக்கு மூன்று இதழ் போதும், நடுவிதழ் நேராக, பக்கத்து இரண்டும் வெளியே வளைந்து. தண்டின் இரு பக்கமும் கிளை, கிளை நுனியில் சுருள், சுருளுக்குள் சின்ன ரோசா. ஒரு பக்கம் வரைந்ததை மறுபக்கம் பார்த்து வரையுங்கள். அச்சொட்டாக வராது, வரவும் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. வெறும் இடம் இருக்கக்கூடாது. வகுப்பில் ஒரு பிள்ளை, "இதிலை கொஞ்சம் வெள்ளை தெரிஞ்சா என்ன ரீச்சர், மூச்சு விடுறமாதிரி இருக்குமெல்லோ?" என்று கேட்டாள். "பிள்ளை, பெருவிரலை வை. விரல் முழுக்க அடங்கினால் அதுக்குள்ளை ஒரு இலை போடு" என்றேன். பெரிய உருவங்கள் முடிந்தபின் மிஞ்சும் சந்துகளில் இலை, துளி, வளைவு என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். பெரிய இதழுக்குள்ளும் விளிம்பை ஒட்டி இன்னொரு கோடு. அங்கத்தைய தேவாலயங்களின் மரக் கூரைகளிலும் இதே நெருக்கம்தான். கொரொஷ்ஃபொ ஊர்க் கூரையைப் பலகை பலகையாகப் பூ வரைந்து அலங்கரித்த உம்லிங் என்ற தச்சர் சாக்சன் வம்சம், கோவிலோ ஹங்கேரியருடையது. இரண்டு சாதிசனமும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் பூ வரைந்திருக்கிறார்கள்.

தையல் திறந்த சங்கிலி. சாதாரணச் சங்கிலித் தையலில் ஊசி ஏறின துளையிலேயே இறங்கும்; இதில் எதிர்ப்பக்கம் இறங்கும். வரைந்த கோட்டை நடுவில் வைத்து இருபக்கமும் 3 மில்லிமீற்றர் தள்ளி இரண்டு விளிம்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடது விளிம்பில் ஊசியை மேலே எடுங்கள். நேர் எதிரே வலது விளிம்பில் குத்தி, இடது விளிம்பில் 3 மில்லிமீற்றர் கீழே வெளியே எடுங்கள். நூல் ஊசி முனைக்கு அடியில் இருக்க வேண்டும். இழுங்கள், ஆனால் இறுக்காதீர்கள். தளர்ந்து நிற்கும் கண்ணியின் வலது மூலைக்குள்ளே ஊசியைக் குத்தி, மறுபடி இடது விளிம்பில் 3 மில்லிமீற்றர் கீழே எடுங்கள். இப்போதுதான் முந்தின கண்ணி சதுரமாக விரிந்து நிற்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு போக வேண்டும்.

பிரேம் போடாதீர்கள். துணி விறைத்து நின்றால் ஊசியால் ஒரே குத்தில் அள்ள முடியாது. மடியில் வைத்து இடது கையால் பிடித்துத் தைத்தால் போதும். நூலை ஒன்றரை முழத்துக்கு மேல் கோர்க்காதீர்கள், முறுக்கும். அந்த நீளம் நாலு அங்குலக் கோட்டுக்குத்தான் காணும், ஆகவே நூல் மாற்றுவது அடிக்கடி வரும். வலது பக்கம் குத்தி இறக்கியதும் பழைய நூலைப் பின்னால் முடித்துவிடுங்கள், கண்ணியைத் தளர விட்டுவிட்டு. புது நூலை அந்தக் கண்ணிக்குள் இடது பக்கம் மேலே எடுத்துத் தொடருங்கள். சரியாகச் செய்தால் இணைப்பு தெரியாது.

வளைவில் வெளிவிளிம்பில் தையல் நீளம், உள்விளிம்பில் தையல் குட்டை. இலை நுனி வரும்போது இரண்டு விளிம்பையும் நெருக்கிக்கொண்டே வந்து, கடைசிக் கண்ணியின் இரு மூலையையும் சின்னத் தையல் போட்டுக் கட்டுங்கள். சுருளின் உள்ளே, ரோசாவின் நடுவில், இந்த அகலம் அடங்காது. அங்கே சாதாரணச் சங்கிலித் தையலை நெருக்கிப் போடலாம். அந்த ஊரிலும் அகலமானது, குறுகலானது என்று இரண்டு வகையுமே உண்டு.

சாக்சன்காரர் பெட்டகத்தில் பெயரும் ஆண்டும் எழுதி வைப்பார்கள். நானும் பிள்ளைகளை ஒரு மூலையில் முதலெழுத்தும் ஆண்டும் குறுக்குத் தையலால் போட வைக்கிறேன். நாளைக்கு யாரும் எடுத்துப் பார்த்தால் ஆர் தைத்தது என்று தெரிய வேண்டாமா?

முடிந்ததும் குளிர்தண்ணீரில் அலசி நீலத்தைப் போக்குங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, படிந்துவிடும். கடைசி அலசலுக்குப் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் நல்லது. முறுக்கிப் பிழியாமல் துவாய்க்குள் சுருட்டி அமுக்கி, நிழலில் விரித்துக் காயப் போடுங்கள். சின்ன ஈரம் இருக்கும்போதே தடித்த துவாயில் முன்பக்கம் கீழே இருக்கக் கவிழ்த்து, பின்னால் அயன் பண்ணுங்கள். முன்னால் அயன் வைத்தால் தையல் நசிந்துபோகும். பிறகு ஓரம் ஒரு அங்குலம் மடித்து, தலையணை உறையின் மூடிய முனையில் பொருத்தித் தையுங்கள். வாய்ப் பக்கம் எப்போதும் சுவரைப் பார்க்கட்டும்.