கார் டேஷ்போர்டு மரத்தில் கைவைக்குமுன்

நம் வீட்டு பர்மா தேக்குத் தூணை எவ்வளவு தேய்த்தாலும் உள்ளேயும் தேக்குதான். பழைய இங்கிலாந்து கார்களின் டேஷ்போர்டு அப்படியில்லை. பளபளவென்று தெரியும் வால்நட் மரம், அரை மில்லிமீட்டர் சுமாருக்கு ஒட்டிய வெனீர், அதாவது மெல்லிய மரத் தாள். அடியில் பெரும்பாலும் ப்ளைவுட்தான். காரைக்குடியில் ஒரு கார்க் கதவின் மரப் பட்டையை ஆசாரியிடம் கொடுக்காமல் நானே 80 நம்பர் முரட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டே நிமிடத்தில் ஓரத்தில் ப்ளைவுட் பல்லிளித்தது.

பழைய வார்னிஷைத் தேய்த்து எடுக்காதீர்கள். பெயிண்ட் ரிமூவரைப் பூசி, வார்னிஷ் சுருங்கிப் பொங்கியதும் பிளாஸ்டிக் தகட்டால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே வழித்துவிடுங்கள். கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். முற்றத்து ஓரம் நல்ல இடம். ஆத்தங்குடிக் கல்லில் சொட்டினால் ஆச்சிக்குப் பதில் சொல்ல முடியாது, சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 320 நம்பர் தாளைக் கட்டையில் சுற்றி இலேசாக நாலு இழுப்பு, போதும்.

வெனீர் உப்பியிருந்தால் ரேகையோடு பிளேடால் சின்னதாகக் கீறி, ஊசியால் பசை ஏற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ராத்திரி முழுக்கப் பாரம் வையுங்கள்.

டேஷ்போர்டு மரத்தைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். பட்டை வர மறுத்தால் நெம்ப வேண்டாம், எங்கோ ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

கடைசியில் வெயில் தாங்கும் பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ். ஒரே தடவையில் கெட்டியாக அடிக்காமல் மெல்லிசாக ஐந்தாறு பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு.