சுண்டெலியின் பதகளிப்பும் அடினோசினும்: விளங்கிக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்குவிலில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். சோதனை நெருங்கினால் பிள்ளைகள் கோப்பியைக் குடித்து இரவிரவாகக் கண்முழிப்பார்கள். காலையில் கை நடுங்க வந்து நிற்பார்கள். போன கிழமை ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அடினோசின் குறைஞ்சால்தான் பதகளிப்பு வருமாம், எலியில கண்டுபிடிச்சிருக்கினமாம். அப்ப அதைக் கூட்டினால் சரிதானே?"

நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள்ளே பல பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, கோப்பி அடினோசினைக் குறைக்கிறது என்ற எண்ணம். கலங்கள் ஏரிபி என்ற சக்திப் பொருளைச் செலவழிக்கச் செலவழிக்க அடினோசின் உண்டாகிறது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அது சேர்ந்து, தன் வாங்கிகளில், அதாவது கலங்களில் அதை ஏற்கும் புரதங்களில், பொருந்தித் தூக்கத்தை வரவழைக்கிறது. கோப்பியிலுள்ள கஃபீன் அந்த வாங்கிகளில் போய் இருந்துகொண்டு வழியை மறிக்கிறது. அடினோசின் எங்கும் போகவில்லை, அதற்கு இடம்தான் கிடைக்கவில்லை.

அடுத்த பிழைதான் பெரியது: எல்லா வாங்கிகளையும் ஒன்றாக நினைப்பது. அடினோசின் வாங்கிகளில் ஏ1 என்ற வகை நரம்புக் கலத்தை அடக்குகிறது, ஏ2ஏ என்ற வகை பெரும்பாலும் தூண்டுகிறது. அப்படியானால் ஏ2ஏ இல்லாத சுண்டெலி அமைதியாக இருக்க வேண்டும்தானே? 1997இல் வெளிவந்த ஆய்வில் நேர்மாறாக நடந்தது. அந்த எலிகள் கூடுதலாகப் பதகளித்தன, ஆண் எலிகள் மூர்க்கமாகச் சண்டை பிடித்தன. வழக்கமாக எலியை ஓடியாட வைக்கும் கஃபீன், இவற்றின் தேடித் திரியும் நடமாட்டத்தைக் குறைத்தது. பின்னர் ஏ1 இல்லாத எலிகளிலும் பதகளிப்பு அதிகமாகவே காணப்பட்டது.

இதைப் பார்த்து, 'இரண்டு வாங்கிகளின் வேலையும் பதகளிப்பைத் தடுப்பதுதான்' என்று எழுதிவிடக் கூடாது. அந்த எலிகள் கருவிலிருந்தே வாங்கி இல்லாமல் வளர்ந்தவை. மூளை வேறு வழிகளில் தன்னைச் சரிப்படுத்தியிருக்கலாம். வளர்ந்த எலியில் மருந்தால் வாங்கியை மறித்துப் பார்த்த முடிவையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இன்னொன்று: அடினோசினைக் கலத்துக்கு உள்ளும் வெளியும் கடத்தும் ஈஎன்ரி1 என்ற புரதம் இல்லாத எலிகளில் பதகளிப்புக் குறைந்திருந்தது. அதே எலிகள் மதுவைக் கூடுதலாக விரும்பிக் குடித்தன. ஒரு பக்கம் நன்மை தெரிகிறது என்று மறுபக்கத்தை விட்டுவிட முடியாது.

சரி, எலி பதகளிக்கிறது என்பதை எப்படி அறிகிறார்கள்? தரையிலிருந்து உயர்த்திய, கூட்டல் அடையாளம் போன்ற ஒரு பாதை. அதன் நான்கு கிளைகளைக் கைகள் என்பார்கள். இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு கைகள் திறந்தவெளி. எலிக்கு வெளி என்றாலே பயம். ஆகவே வழக்கமாக 5 நிமிடங்களில் திறந்த கைகளில் எவ்வளவு நேரம் நின்றது என்று அளப்பார்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கஃபீன் கொடுத்த எலி சும்மாவே கூட ஓடும், அதனால் திறந்த கைக்குள்ளும் கூடப் போகும். அது துணிவல்ல. ஏ1ஐத் தூண்டும் மருந்து கொடுத்த எலி அசதியில் மூலையில் கிடக்கும், அது பயமும் அல்ல. மூடிய கைகளுக்குள் எத்தனை தடவை போனது என்ற எண்ணிக்கைதான் எலியின் பொதுவான நடமாட்டத்தைக் காட்டும்; அதைத் தராத முடிவை நான் வகுப்பில் சொல்வதில்லை. முன்பே ஒருமுறை அந்தப் பாதையில் விடப்பட்ட எலியையும் புது எலியையும் ஒன்றாக எண்ணக் கூடாது. ஆய்வு செய்பவர் ஆணாக இருந்தால் அவருடைய வாசனையே எலிக்கு உளைச்சல் தரும் என்றும் 2014இல் காட்டியிருக்கிறார்கள்.

எலிக்குக் கொடுத்த அளவை அப்படியே நமக்குப் பொருத்துவதும் பிழை. எலியின் உடல் கஃபீனை நம்மைவிட விரைவாகக் கழித்துவிடும். நமக்கோ பாதியளவு கழியவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் வேண்டும். இரவு 9 மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி அதிகாலை 2 மணிக்கும் உடம்பில் இருக்கும். பிள்ளைகளின் நெஞ்சுப் படபடப்புக்கு எலி ஆய்வைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

அப்புறம், அடினோசினைக் கூட்டினால் என்ன? வைத்தியசாலையில் சிலவகை வேகமான இதயத் துடிப்பை நிறுத்த அதை ஊசியாக நாளத்தில் ஏற்றுவது உண்டு. சில செக்கன்களில் அது இரத்தத்தில் இல்லாமற் போய்விடும். அந்தச் சில செக்கன்களில் நெஞ்சு இறுகி, உயிர் போகப் போகிறதோ என்ற பயம் வருவதாக நோயாளிகள் சொல்வார்கள். மாணவிக்கு இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப கஃபீன் தேத்தண்ணியிலயும் இருக்கோ, சேர்?"

இருக்கிறது, கோப்பியைவிடக் குறைவாக.