கையால் தைக்கும் போர்வைகளிலும் பரிசுகளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் கையால் தைத்துப் பரிசளித்த முதல் ஒட்டுத்துணிப் போர்வை (துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பது), வெள்ளையும் அடர்சிவப்பும் மாறி மாறி வரும் கட்டங்களால் ஆனது. கொடுத்த நாளில் எல்லோரும் மெச்சினார்கள். மூன்று வாரம் கழித்து அதை மீண்டும் பார்த்தபோது வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பாகியிருந்தன. ஒரு மூலை உள்வாங்கிச் சுருங்கியிருந்தது. நடுவில், நான்கு கட்டங்கள் சேரும் இடத்தில், தையல் இடைவெளி வழியே பஞ்சு எட்டிப் பார்த்தது. தைத்துக்கொண்டிருந்தபோது இவற்றில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. கைத்தையல் தவறுகளின் பொல்லாத குணம் இதுதான். அவற்றில் பெரும்பாலானவை ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன. வெளியே தெரிவதோ முதல் சலவைக்குப் பிறகுதான். அதற்குள் பொருள் நம் கையைவிட்டுப் போயிருக்கும். ஆகவே தையலின் அழகைப் பற்றி இங்கே குறைவாகவும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன்.

நனைக்காத துணியும் சரியாக வெட்டாத துண்டும்

புதிய பருத்தித் துணி முதல் சலவையில் பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கும். அதாவது 100 செ.மீ. நீளத் துண்டு 95 செ.மீ. வரைகூட வந்து நிற்கலாம். போர்வையில் உள்ள எல்லாத் துணிகளும் ஒரே அளவில் சுருங்கினால் பெரிய கேடு ஒன்றுமில்லை. அந்த மெல்லிய சுருக்கத்தை விரும்புகிறவர்களும் உண்டு. பலமுறை துவைத்த பழைய சட்டைத் துணியையும், வாங்கி வந்து அப்படியே மடித்துவைத்திருந்த புதுத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. புதியது சுருங்கும்போது பழையது சுருங்காது. எனவே ஒன்று மற்றொன்றை இழுத்து, கட்டத்தின் நடுவே கொப்புளம் போல் மேடு எழும்பும். புதுத் துணியை வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். நனைக்கும்முன் துணியின் நான்கு மூலைகளையும் சாய்வாகச் சிறிது கத்தரித்துவிட்டால், ஓரத்து நூல்கள் பிரிந்து சிக்கலாவது வெகுவாகக் குறையும்.

சாயத்துக்குத் தனிச் சோதனை தேவை. அடர்சிவப்பு, கருநீலம், கருப்பு ஆகிய துணிகளிலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை வெட்டி, அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு எடுத்து ஒரு வெள்ளைத் துணியின்மேல் பரப்பிக் காயவிடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறியிருந்தால் முழுத் துணியையும் துவைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். மூன்றாவது முறையும் சாயம் விட்டால் அந்தத் துணியை வெளிர்நிறத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பதே நல்லது. உப்பு அல்லது வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நானும் அப்படி நம்பித்தான் ஏமாந்தேன். பருத்திக்கு இன்று பெரிதும் பயன்படும் சாயங்கள் ஆலையிலேயே காரச் சூழலில் நூலோடு பிணைக்கப்படுபவை. பிணையாமல் தங்கிவிட்ட மிச்சச் சாயத்தை வீட்டு வினிகர் பிணைத்துவிடாது, அதை அலசித்தான் வெளியேற்ற வேண்டும்.

அடுத்தது நூலின் போக்கு. துணியின் கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் திசையில் துணி அநேகமாக நீளாது. குறுக்கே ஓடும் ஊடைத் திசையில் சற்றே நீளும். இரண்டுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில், தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் திசையில் இழுத்தால், ரப்பர் போல் நீளும். சதுரத் துண்டுகளில் இதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. முக்கோணங்களில் யோசிக்காமல் இருக்க முடியாது. ஒரு சதுரத்தை ஒரே சாய்வுக் கோட்டில் இரண்டாக வெட்டினால் முக்கோணத்தின் நீண்ட பக்கம் கிராஸாக அமையும். அதே சதுரத்தை இரண்டு சாய்வுக் கோடுகளால் நான்காக வெட்டினால் நீண்ட பக்கம் நேர்நூலாகவும் (பாவு அல்லது ஊடை நூலுக்கு இணையாகவும்), குட்டைப் பக்கங்கள் கிராஸாகவும் அமையும். போர்வையின் வெளி ஓரத்தில் எந்தப் பக்கம் வரப்போகிறதோ அந்தப் பக்கம் நேர்நூலாக இருக்கும்படி வெட்டுமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் ஓரம் அலையலையாக நெளியும். பிறகு எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அது படியாது. கிராஸ் தவிர்க்க முடியாத இடங்களில், வெட்டுவதற்கு முன் துணிக்கு நன்றாகக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

தையலுக்கு விடும் ஓரத்தில் நேரும் பிழை மிகச் சிறியதாகத் தோன்றும். கணக்குப் போட்டால்தான் அதன் அளவு புரியும். காலங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ., ஓரம் விடுவது வழக்கம். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டுகளின் ஓரமும் உள்ளே போவதால், ஓரம் 1 மி.மீ. கூடினால் வரிசையின் நீளத்தில் 2 மி.மீ. குறையும். 8 துண்டுகள் கொண்ட வரிசையில் 7 தையல்கள் இருப்பதால் 14 மி.மீ. காணாமல் போகும், அதற்கு அடுத்து 4 பெரிய துண்டுகள் கொண்ட வரிசை வந்தால் அதில் 6 மி.மீ. மட்டுமே குறையும். இரண்டையும் சேர்க்கும்போது 8 மி.மீ. இடிக்கும். அதை இழுத்துப் பிடித்துத் தைத்துச் சமாளித்துவிட்டதாக நினைத்தால், முதல் சலவையில் அது சுருக்கமாகத் திரும்பி வரும். கையால் தைப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. துண்டின் பின்பக்கத்தில் வெட்டுக் கோட்டை மட்டுமல்லாமல் தையல் கோட்டையும் பென்சிலால் வரைந்துகொண்டு, இரண்டு துண்டுகளின் மூலைப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று அமையுமாறு குண்டூசி குத்திவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே தைத்தால், வெட்டில் சிறு பிழை இருந்தாலும் தையல் தப்பாது.

தையலைத் தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும், நடுவே நான்கைந்து ஓட்டுத் தையலுக்கு (ஊசியை மேலும் கீழுமாகக் கோத்து நேராக ஓட்டிச் செல்லும் தையல்) ஒருமுறையும், ஊசியைப் பின்னோக்கிக் குத்தி ஒரு பின்தையல் போடுவது அவசியம். தைத்த ஓரங்களை இரு பக்கமும் பிரித்து விரித்துத் தேய்ப்பது இயந்திரத் தையலுக்குப் பொருந்தலாம். கையால் போட்ட ஓட்டுத் தையலுக்குப் பொருந்தாது. இரண்டு ஓரங்களையும் ஒரே பக்கமாக, முடிந்தவரை அடர்நிறத் துணியின் பக்கமாகச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். நான் விரித்துத் தேய்த்ததால்தான் பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துவதும் முக்கியம். இழுத்தால் கிராஸ் பக்கம் நீண்டுவிடும்.

கோடு வரையும் பேனாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீரில் கரையும் நீல மையின்மேல் இஸ்திரிச் சூடு பட்டால் அது துணியில் நிலைத்துவிடக்கூடும். ஆகவே முதலில் குளிர்நீரில் அலசிவிட வேண்டும். சூட்டில் மறையும் மை வேறு வகை. அது உண்மையில் போவதில்லை, நிறம்தான் மறைகிறது. உறைகுளிரில் அந்தக் கோடுகள் மறுபடியும் தெரியவரும்.

மூன்று அடுக்கும் ஒரு ஊசியும்

மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் பிணைப்பதற்கு முன் போடும் தற்காலிக நீளத் தையலைச் சுருக்கமாக முடித்துவிடுவதே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பிறகு பிரிக்கப்போகும் தையலுக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அடித்துணியில் விழும் மடிப்பு மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. நாற்பது மணி நேர வேலைக்குப் பிறகு திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். அடித்துணி ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 10 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். அதைத் தரையில் விரித்து, இழுக்காமல் சமமாக டேப்பால் ஒட்டி, மற்ற இரண்டையும் மேலே பரப்பி, நடுவிலிருந்து வெளியை நோக்கி 10 செ.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாக நீளத் தையல் போட வேண்டும். பிறகு போடும் நிரந்தரத் தையலும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். நான் ஓரத்திலிருந்து உள்ளே வந்தேன். மிஞ்சிய துணி நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஒரு மூலையில் குவிந்துவிட்டது.

பஞ்சு விரிப்பின் உறையில் தையல் வரிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். சில வகைகளுக்கு அது 5 முதல் 10 செ.மீ.தான், ஊசிகளால் குத்திப் பிணைத்துத் தயாரித்த வகைகள் 20 செ.மீ. வரைகூடத் தாங்கும். அதைப் படிக்காமல் உறையைக் கிழித்தெறிந்துவிட்டு அகலமாகத் தைத்தால், துவைத்த பிறகு பஞ்சு திரண்டு கட்டியாகும்.

கை ஊசியின் எண்ணில் பலர் தடுமாறுகிறார்கள். எண் கூடக் கூட ஊசி மெலியும். அடுக்குகளைத் தைக்கக் குட்டையான ஊசியே ஏற்றது. 9 அல்லது 10-ஆம் எண்ணில் தொடங்கலாம். நூல் 45 செ.மீ. போதும். அடிக்கடி கோக்க வேண்டியதில்லையே என்று ஒரு கஜம் நூல் எடுத்தால், அது ஒவ்வொரு முறையும் ஊசிக் காதில் உரசி உரசிப் பிசிறாகி, பாதி வழியில் முடிச்சு விழும். தையல் சிறிதாக இருப்பதைவிடச் சீராக இருப்பது முக்கியம். அங்குலத்துக்கு 12 தையல் போடும் கைகள் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு மேற்பக்கத்தில் 5 அல்லது 6 போதும். முதல் நாள் தையலும் பத்தாம் நாள் தையலும் ஒன்றுபோல் இருக்காது என்பதால், மிச்சத் துணியில் மூன்று அடுக்கு வைத்து இரண்டு மாலைகள் பழகிவிட்டுப் போர்வையைத் தொடுங்கள்.

தைக்கும் இடம்

அடுக்கிவைப்பதில் நடக்கும் முதல் தவறு, இருப்பதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பெட்டிகளை வாங்குவது. அழகான பெட்டிகள் வந்தபின் துணிகளைப் பெட்டிக்கு ஏற்பத் திணிக்கத் தொடங்குவோம். முதலில் எல்லாவற்றையும் தரையில் கொட்டி, அன்றாடம் தொடுபவை, மாதம் ஒருமுறை தொடுபவை, தொடவே தொடாதவை எனப் பிரித்தால், பெட்டியே தேவைப்படாத அளவுக்குச் சாமான் குறைவதும் உண்டு. கத்தரிக்கோல், நூல், ஊசி, இன்ச் டேப் ஆகிய நான்கும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் கைக்கு எட்ட வேண்டும். இஸ்திரி மேசை மட்டும் எழுந்து போகும் தூரத்தில் இருப்பது நல்லது, ஏனெனில் கழுத்தும் முதுகும் அப்போதாவது நிமிரும். விளக்கு, ஊசி பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையின் நிழல் தையல்மேலேயே விழும்.

துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்; வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. கத்தரியின் பிடியில் ஒரு துண்டு ரிப்பன் கட்டிவிட்டு, காகிதத்துக்கென்று வேறொரு கத்தரியைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பது, திட்டுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. 1979-இல் ஜப்பானிய நிறுவனமான ஒல்ஃபா அறிமுகப்படுத்திய, வட்டத் தகடு உருண்டு வெட்டும் சுழல் கத்தி, துணித் துண்டுகளை வெட்டும் வேகத்தையே மாற்றியது. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடாவிட்டால் அதைப் போல் ஆபத்தான கருவி வேறில்லை. அதால் வெட்டும்போது துணிக்கு அடியில் வைக்கும் விரிப்பை வெயிலிலும் சூடான இஸ்திரிப் பெட்டியின் அருகிலும் வைத்தால் நெளிந்துபோகும். நெளிந்தது திரும்பச் சமமாகாது.

துணிகளை வெயில் படும் திறந்த அலமாரியில் அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், மடிப்பு விளிம்பு மட்டும் வெளுத்துவிடும். தைத்து முடித்த போர்வைகளையும் ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்காமல் அவ்வப்போது மாற்றி மடித்தால், மடிப்புக் கோட்டில் நூல் நைந்துபோகாது.

கொடுப்பதற்கு முன்

யார், எப்படிப் பயன்படுத்துவார் என்பதைத் தைத்து முடித்தபின் யோசிப்பது மற்றொரு தவறு. கைக்குழந்தைக்குத் தைக்கும் பொம்மைக்குப் பொத்தானால் கண் வைக்கக் கூடாது. கழன்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நூலாலேயே கண்ணைப் பின்னிவிடலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. எனவே அந்தப் போர்வை தரையில் விரித்து விளையாடுவதற்கானது என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணியில் பாலியெஸ்டர் பஞ்சும் பாலியெஸ்டர் துணியும் கூடாது, சூட்டில் உருகும்; முழுவதும் பருத்தியாக இருக்கட்டும். வெப்பத்தைத் திருப்பும் உலோகப் பூச்சுள்ள விரிப்பை உள்ளே வைத்தால், அது மைக்ரோவேவ் அடுப்புக்குள் போகக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு வேலைகள் பாக்கி. தைக்கத் தொடங்கும்போது எத்தனை ஊசி, எத்தனை குண்டூசி எடுத்தோம் என்று ஒரு தாளில் குறித்துவைத்து, முடித்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒரு காந்தத்தைப் போர்வையின் இரு பக்கமும் மெதுவாக ஓட்டுவது என் வழக்கம். கணக்கு சரியென்று நம்பிய ஒரு நாளில், தலை உடைந்த குண்டூசி ஒன்று, போர்வையின் விளிம்பைச் சுற்றித் தைத்த ஓரப் பட்டிக்குள்ளிருந்து துணியைத் தூக்கிக்கொண்டு காந்தத்தோடு ஒட்டியது. அதன் பிறகு, பரிசை நாமே ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும். கலைந்த தையல், விட்ட சாயம், சுருங்கிய மூலை எதுவானாலும் அப்போதே தெரிந்துவிடும். சரிசெய்ய ஊசியும் நூலும் பக்கத்திலேயே இருக்கும். காய்ந்ததும் மடித்து, அதே துணியில் மிஞ்சிய இரண்டு துண்டுகளையும், எப்படித் துவைப்பது என்று எழுதிய சிறு தாளையும் உள்ளே வைத்துக் கட்டிவிடலாம்.