குளோரினைக் கடைசிக் குழாயில் பாருங்க

தொண்டி முதல் ஏர்வாடி வரை பல கடலோர ஊர்களில் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில்தான் குளோரின் சோதிப்பாங்க. அது போதாது. தண்ணி கடைசியாப் போய்ச் சேரும் தெருக் குழாயில் பிடிச்சு, குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவை நிறம் வச்சுக் காட்டும் சின்னக் கருவி) நிறம் பாருங்க. அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். தொட்டிப் பக்கம் குளோரின் நல்லா இருந்து கடைசியில் துளியும் இல்லேன்னா, நடுவில் எங்கோ கசிவு இருக்கலாம். குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தை முதல்ல பாருங்க. குளோரினுக்காகத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரை ஈரம் படாம மூடி வைங்க, பழசானா வீரியம் போயிடும்.

மணற்பாங்கான ஊர்க் கிணறுன்னா கவலை வேற. அங்கே உப்புத்தண்ணி மேலதான் நன்னீர் மிதக்குது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினா, ஏட்டுக் கணக்குப்படி அடியிலிருந்து உப்பு 40 அடி வரை ஏறலாம். அதனால பெரிய மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாதீங்க; கொஞ்சம் இறைச்சு, ஊற விட்டு, மறுபடி இறைங்க. மாசாமாசம் டிடிஎஸ் (தண்ணியில் கரைஞ்சிருக்கும் உப்புகளின் மொத்த அளவு) அளந்து நோட்டில் எழுதுங்க. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தா நல்லது, வேற தண்ணியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. எண் மாசத்துக்கு மாசம் ஏறுதுன்னா, நாக்குக்குக் கரிக்கும் முன்னாடியே இறைப்பைக் குறைச்சிடுங்க.