பினாங்குச் சாப்பாட்டு மேசையில் சொவாவே

மீனுக்கு வெள்ளை ஒயின் என்ற விதி மீனை மட்டும் பார்த்துச் சொன்னது. நம் குழம்பில் இருக்கும் புளியையும் மிளகாயையும் பார்த்துச் சொன்னதன்று. ஆகையால் இத்தாலியின் சொவாவே என்னும் வெள்ளை ஒயினை வாங்கி வருபவர், அன்றைக்கு மீன் குழம்பு வைக்காமல் இருப்பதே நல்லது.

சொவாவே, வெரோனா நகருக்குக் கிழக்கேயுள்ள குன்றுகளிலும் அவற்றை ஒட்டிய சமவெளியிலும் விளையும் திராட்சையிலிருந்து வருகிறது. அதில் குறைந்தது 70 விழுக்காடு கார்கனேகா என்ற திராட்சையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பேரிக்காயையும் வெள்ளைப் பூக்களையும் நினைவூட்டும் மணமும், விழுங்கிய பிறகு நாவில் தங்கும் பாதாம் தோலின் இலேசான கசப்பும் இதன் அடையாளங்கள்.

புட்டியின் மேல் 'கிளாசிக்கோ' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது பழைய குன்றுப் பகுதியைக் குறிக்கும். சமவெளியில் விளைந்ததைவிட இதற்குப் பொதுவாகச் சுவையில் அழுத்தம் அதிகம். 'ரெச்சோத்தோ' என்றிருந்தால் அது உலர்த்திய திராட்சையில் செய்த இனிப்பு ஒயின். அவசரத்தில் மாற்றி எடுத்துவிட வேண்டாம். சாதாரண சொவாவே இளமையிலேயே குடிப்பதற்குரியது என்பதால், அறுவடையாகி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததைத் தேர்ந்தெடுங்கள். வாங்கியதைக் காரில் விட்டுவிட்டு ஜார்ஜ்டவுனில் வேறு வேலைக்குப் போனால், அந்த வெயிலில் ஒயின் கெட்டுவிடும்.

குளிர்பதனப் பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்தால் போதும். அவசரமென்றால், ஐஸ் கட்டியுடன் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் சேர்த்த வாளியில் இருபது நிமிடம் வைக்கலாம். வெறும் ஐஸைவிட இது விரைவாகக் குளிர்விக்கும். பத்து டிகிரி செல்சியஸ் அளவே இதற்கு ஏற்றது. நம் ஊர் வெக்கையில் கிண்ணத்தில் ஊற்றியது சீக்கிரம் சூடாகிவிடுவதால், கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, புட்டியை வாளிக்கே திருப்பி அனுப்புங்கள்.

இனி உணவு. மிளகாயின் எரிச்சலை மதுச்சத்து தூண்டிவிடும்; கடும்புளிப்போ ஒயினின் புளிப்பை அமுக்கி, அதை வெறும் தண்ணீர்போல் ஆக்கிவிடும். புளியும் மிளகாயும் சேர்ந்த மீன் நூடுல்ஸான அசாம் லக்சாவில் இரண்டு குற்றமும் உண்டு. மாறாக உப்பு, எண்ணெய், தேங்காய்ப்பால் ஆகிய மூன்றும் சொவாவேயின் கூட்டாளிகள்: எண்ணெயின் பிசுபிசுப்பை ஒயினின் புளிப்பு கழுவிவிடுகிறது, உப்போ அந்தப் புளிப்பின் கூர்மையை மழுக்குகிறது. மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்த வாவல் மீன், மிளகு அளவாகப் போட்ட கணவாய் வறுவல், பச்சை மிளகாய் குறைத்து வைத்த சொதியோடு இடியாப்பம், மிளகாய் விழுது சேர்க்காமல் வறுத்த சார் குவே தியாவ் என்னும் அரிசி நூடுல்ஸ் எல்லாமே பொருந்தும். இஞ்சியோடு அவித்த சியாக்காப் மீன்தான் என் முதல் தேர்வு. இக்கான் பாக்கார் என்னும் சுட்ட மீன் வாங்கினால் சம்பலைத் தனித் தட்டில் ஒதுக்கி வையுங்கள். மேசைக்கு உட்காரும் முன்பு கொறிக்க உப்பு முறுக்கோ கச்சாங் பூத்தேயோ போதும். கடலையின் வறுத்த வாசனை அந்தப் பாதாம் கசப்பைத் தூக்கிக் காட்டும்.

நாசி கண்டார் இதற்கு ஒத்துவராது. பல குழம்புகள் ஒன்றாய்க் கலந்த அந்தத் தட்டுக்கு எந்த வெள்ளை ஒயினும் ஈடுகொடுக்காது. ஹலால் கடைகளுக்கு ஒயினைக் கொண்டுபோவதும் முறையன்று. விருந்தினரில் குடிக்காதவர்கள் இருந்தால், அவர்களுக்கான இளநீரையும் அதே வாளியில் குளிர வைக்காமல் தனியே வையுங்கள்.

மீதமானதை இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருக்கலாம். அதற்குமேல் மணம் போய்விட்டால், பூண்டு தாளித்த சட்டியில் கழுவிய லாலாச் சிப்பிகளைக் கொட்டி, அந்த ஒயினை அரைக் கோப்பை ஊற்றி, சிப்பி வாய் திறக்கும்வரை மூடி வையுங்கள்.