தாத்தாவோட அருவாள பழைய இரும்புக்குப் போடாதீங்க: சட்டத்துக்குள்ள நின்னு அதைக் காப்பாத்துறது எப்படி

எங்க தாத்தா பனையேறி, ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடி பக்கம். அவர் போய்ச் சேர்ந்து மூணு மாசம் கழிச்சு பரண்ல கிடந்த சாக்கை இறக்குனோம், உள்ள ஏழு இரும்பு. பாளை அருவா ரெண்டு, வெட்டருவா ஒண்ணு, மட்டை கழிக்கிற அருவா ஒண்ணு, கருவாட்டுக்கு மீன் கீறுற கத்தி ஒண்ணு, மிச்சம் ரெண்டு என்னத்துக்குன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. சித்தப்பா பார்த்த உடனே "இதெல்லாம் வீட்ல இருந்தா நாளைக்கு எவனாவது கேட்டா என்னப்பா சொல்லுவ, பேசாம எடைக்குப் போட்டுரு"ன்னு சொல்லிட்டாரு. அவர் மேல தப்பு இல்ல, பயம். இந்தப் பயத்துலயே நம்ம கரையோரத்துல எத்தன வீட்டுச் சாமான் கிலோ கணக்குல லாரி ஏறிருச்சோன்னு நினைச்சா வயிறு எரியுது. அதனாலதான் நான் விசாரிச்சு, செஞ்சு பார்த்து, கத்துக்கிட்டத எழுதுறேன்.

மொதல்ல சட்டம், ஏன்னா அது தெளிவானாத்தான் மத்ததுக்கு கை வரும். ஆயுதச் சட்டம் 1959ல வந்தது. தாக்கவோ தற்காப்புக்கோன்னு ஆயுதமாவே செஞ்ச பொருள்தான் ஆயுதம்னு அது சொல்லுது, கூர்மையான வெட்டுக் கருவியும் அதுல அடக்கம், ஆனா அதே வரியிலயே வீட்டு வேலைக்கும் விவசாய வேலைக்கும் மட்டுமே செஞ்ச பொருள் இதுல சேராதுன்னும் இருக்கு. அடுத்து 2016ல வந்த ஆயுத விதிகள், அதுல முதல் அட்டவணையில அஞ்சாவது வகைன்னு ஒண்ணு: வாள், குத்துவாள், ஈட்டி, அப்புறம் 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ உள்ள கத்தி, ஆனா வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்குச் செஞ்சது நீங்கலா. இப்ப நீங்க உங்க வீட்டு தேங்கா வெட்டுற அருவாவ எடுத்து அளந்து பாருங்க, அகலத்துலயோ நீளத்துலயோ ஏதாவது ஒண்ணுல அது தாண்டிரும். அப்ப அளவு நம்மளக் காப்பாத்தப் போறதில்ல, அது எந்த வேலைக்குச் செஞ்சதுங்கறதுதான் காப்பாத்தும். நான் சொல்ல வர்றதுல பாதி இந்த ஒரு விஷயந்தான்.

குழப்பம் எங்க வருதுன்னா ஊருக்கு ஊரு மாறுது. "மூணு இன்ச்சுக்கு மேல கத்தி வச்சிருந்தா கேஸு"ன்னு ஒரு பேச்சு சுத்துதே, அதே கணக்கு டெல்லியில இருக்கு, 1980ல போட்ட அறிவிக்கை, பட்டனைத் தட்டுனா பாயுற ஸ்பிரிங் கத்தி மாதிரி வகைக்கு, 7.62 சென்டிமீட்டர் நீளம் 1.72 சென்டிமீட்டர் அகலம்னு கணக்கு. அது அந்த ஊருக்கு, அந்த வகைக் கத்திக்கு. அது மாதிரி ஒரு பகுதிக்குன்னு தனியா அறிவிக்கை போட ஆயுதச் சட்டம் 4ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் குடுக்குது, போட்டா அந்தப் பகுதியில அந்த வகை ஆயுதத்த வச்சிருக்கறதுக்கே லைசென்ஸ் வேணும். 5ஆம் பிரிவு வேற, அது ஆயுதத்த செய்யுறது, விக்கிறது பத்தி. வாள், குத்துவாள்னு சண்டைக்கான சாமான அடிச்சு விக்கணும்னா லைசென்ஸ் இல்லாம முடியாது, அலங்காரத்துக்குன்னு சொன்னாலும் அருவா அடிக்கிற ஆசாரிய அதுல மாட்டி விடாதீங்க. உங்ககிட்ட அப்படி ஒண்ணு இருந்து சந்தேகமா இருந்துச்சுன்னா கலெக்டர் ஆபீசுக்கு 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் சட்டத்துல மனு போடுங்க, "நம்ம மாவட்டத்துக்கு 4ஆம் பிரிவுல அறிவிக்கை எதுவும் நடப்புல இருக்கா, நகல் குடுங்க"ன்னு ஒரே கேள்வி, 30 நாள்ல பதில் வரணும். பதில் வந்த பேப்பர பத்திரமா வைங்க. கேஸுன்னு ஒண்ணு வந்துட்டா மட்டும் வக்கீல் கிட்டதான் போகணும், இந்த மாதிரி எழுத்த நம்பி நிக்கக் கூடாது.

சரி, இப்ப வேலை. சாக்குல இருந்து எடுத்த ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை போடணும். தரையில வெள்ளைத் துணி விரிச்சு, பக்கத்துல பள்ளிக்கூட ஸ்கேல் வச்சு, ரெண்டு பக்கமும் போட்டோ, முதுகுப் பக்கம் தடிமன் தெரியுற மாதிரி ஒண்ணு, ஆசாரி குத்துன முத்திரை இருந்தா சாய்ஞ்ச வெளிச்சத்துல ஒண்ணு. அப்புறம் காக்கி பேப்பர்ல கத்திய வச்சு பென்சில்ல சுத்தி வரைஞ்சிருங்க, இத மட்டும் விட்டுறாதீங்க, போட்டோவ குடுத்தா ஒரு ஆசாரி அப்படியே அடிச்சிற முடியாது, வரைஞ்ச அச்சக் குடுத்தா அந்த வளைவு திரும்ப வந்துரும். எடை, எந்த மரத்துப் பிடி, பூண் இரும்பா பித்தளையா, எந்த ஊர்ப் பட்டறை, யாரு பயன்படுத்துனது, கடைசியா எந்த வருஷம்.

அட்டையில மேல பெருசா எழுத வேண்டியது அது செஞ்ச வேலை. "பழைய கத்தி"ன்னு எழுதுனா அது ஒண்ணும் இல்ல. "பாளை அருவா, பதநீருக்குப் பாளை சீவ, இடுப்புல அருவாப் பெட்டியில வச்சு ஏறுறது"ன்னு எழுதுனா சட்டம் கேக்குற கேள்விக்கும் பதில், உங்க பேரன் கேக்கப் போற கேள்விக்கும் பதில். கூடவே அந்த வேலையோட மத்த சாமான சேத்து வைங்க, அருவாப் பெட்டி, சுண்ணாம்புக் கலயம், தீட்டுக்கட்டை. எங்க மாமா ஒருத்தர் பாளை அருவாவ தனியா சாக்குல சுத்தி பைக்ல கொண்டு போயி செக்கிங்ல மாட்டி அரை நாள் உக்காந்தாரு, வீட்ல இருந்து அத்தை அந்தப் பெட்டியவும் கலயத்தையும் கொண்டு போய்க் காட்டுன பின்னாடிதான் என்ன சாமான்னே அங்க இருந்த போலீஸ்காரங்களுக்குப் புரிஞ்சுது. வெளியூர்ல இருந்து வந்த சின்ன வயசுப் பையனுங்க, பனை ஏறி அவங்க பார்த்ததே இல்ல, அவங்கள எப்படிக் குத்தம் சொல்றது.

எங்களுக்குப் பேர் தெரியாத அந்த ரெண்டையும் தூக்கிட்டு நான் ஊர் ஊரா போனேன். ஒண்ணு, ஓலைப் பொட்டி முடையுற ஒரு பாட்டி கையில வாங்குன உடனே "ஈர்க்கு கிழிக்கிறதுப்பா இது, எங்க ஆத்தா வச்சிருந்துச்சு"ன்னு சொல்லிருச்சு. இன்னொண்ணுக்கு இன்னும் பேர் கிடைக்கல. இந்த மாதிரி தெரிஞ்சவங்க எல்லாம் எழுவது தாண்டிட்டாங்க, அதனால கத்திய சுத்தம் பண்றதுக்கு முன்னாடி பேரக் கேக்கப் போங்க, துரு ஒரு மாசம் பொறுக்கும்.

பட்டறைக்குப் போறது அடுத்தது. நம்ம பக்கம் கொல்லு பட்டறை ஒண்ணு ரெண்டுதான் மிச்சம், மதுரை ரோட்டுல திருப்பாச்சேத்தி இருக்கு, சிவகங்கை மாவட்டம், அருவாளுக்கே பேர் போன ஊரு. வெறும் வீடியோ எடுக்க வந்தேன்னு நிக்காதீங்க, ஒரு வேலையோட போங்க, ஒரு வெட்டருவா அடிச்சுக் குடுங்கன்னு பேசி காசு குடுத்து அடிக்கச் சொல்லுங்க, அவர் சம்மதிச்சா போன ஓரமா வைங்க. பெரும்பாலும் லாரி பட்டைதான், அதாவது லாரியோட ஸ்பிரிங் பட்டைதான் இரும்பு, அதுல கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கறதால பதம், அதாவது இரும்போட கடினம், நல்லா ஏறும். ரயில் தண்டவாளத் துண்டு இருக்கு அதுல அடிக்கலாமான்னு யாராவது சொன்னா வேணாம்னுருங்க, ரயில்வே சாமான முறையில்லாம வச்சிருந்தா அதுக்கு 1966ல இருந்தே தனிச் சட்டம் இருக்கு. உலைக்கு நம்ம சீமைக்கருவேலங் கரி.

வீடியோவுல நீங்க தவற விடக் கூடாத இடம் பதம் ஏத்துறது. அடிச்சு உருவம் வந்த பிறகு திரும்ப உலையில விட்டு கோவைப்பழ நிறம் வரைக்கும் ஏத்துவாங்க, காந்தம் ஒட்டாத சூடு அது, அதனாலதான் ஆசாரிங்க பட்டறைய இருட்டா வச்சிருக்காங்க, வெயில் வெளிச்சத்துல அந்த நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. அப்புறம் வாய்ப் பக்கம், அதாவது வெட்டுற கூர்ப் பக்கம் மட்டும் தண்ணியிலயோ எண்ணெயிலயோ தோய்ப்பாங்க. உடனே எடுத்து வாய லேசா தேய்ச்சு விட்டு பாத்துக்கிட்டே நிப்பாங்க, முதுகுல மிச்சம் இருக்குற சூடு வாய்ப் பக்கமா இறங்கும், இறங்க இறங்க இரும்பு மேல நிறம் ஓடும், வைக்கோல் மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு, ஊதா, நீலம். எந்த நிறத்துல வாய் வந்தப்ப திரும்ப தண்ணியில போட்டாருங்கறதுதான் அவரோட வித்தை. மஞ்சள்ல நிறுத்துனா வாய் கடினமா கூர் நிக்கும், நீலத்துக்குப் போயிட்டா மெத்துன்னு ஆகும் ஆனா கல்லுல பட்டா உடையாது. பாளை அருவாளுக்கு எது, விறகு வெட்டுறதுக்கு எதுன்னு அவர் வாயால சொல்ல வச்சு பதிவு பண்ணுங்க, அவர் சொல்ற சொல்லு எதையும் நீங்க புத்தகத் தமிழுக்கு மாத்தாதீங்க. வீடியோவ வெளிய போடுறதுக்கு முன்னாடி அவர் பேரு, முகம் போடலாமான்னு கேட்டுக்கோங்க.

அவருக்கும் ஒரு உதவி பண்ணிட்டு வாங்க. 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு போலீஸ் பட்டறைக்காரங்களக் கூப்பிட்டு வாங்குறவங்க பேரு விலாசம் குறிச்சு வைக்கச் சொன்னாங்க. நிறைய பேருக்கு அது பாரமாத்தான் பட்டுச்சு, ஆனா எனக்கு அந்த நோட்டு ஒரு சொத்தாத்தான் தெரியுது, ஒரு 80 பக்க நோட்டு வாங்கி கோடு போட்டு குடுத்தேன், தேதி, பேரு, ஊரு, என்ன வேலைக்கு, என்ன வடிவம். பத்து வருஷம் அது ஒழுங்கா ஓடுனா இந்தக் கரையில எந்தெந்த அருவா எந்த வேலைக்குப் போச்சுங்கறதுக்கு அதவிட சாட்சி கிடையாது. அப்படியே செல்போன்லயே உத்யம், அதாவது சிறுதொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு பண்ணிக் குடுங்க, காசு கிடையாது, விவசாயக் கருவி, வீட்டு உபயோகக் கத்தின்னு தெளிவா போட்டுருங்க.

இப்ப துரு. நம்ம பக்கம் உப்புக் காத்து, பாம்பன் மண்டபம் பக்கம்லாம் ஒரு வாரத்துல இரும்பு சிவந்துரும். கிரைண்டர் மட்டும் வைக்கவே வைக்காதீங்க, முத்திரை போயிரும், சம்மட்டித் தழும்பு போயிரும், சூட்டுல பதமும் போயிரும். மண்ணெண்ணெய்ல ஒரு ராத்திரி ஊற வச்சு, தேங்கா நாரால தேய்ங்க, போகாத இடத்துல ரொம்ப நைசான ஸ்டீல் உல். செந்துரு போனா போதும், அடியில இருக்குற கருப்பு அப்படியே இருக்கட்டும், அது இரும்புக்குப் போர்வை மாதிரி. பித்தளைக்குப் போடுற மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீங்க, அரிச்சிரும். நல்ல தண்ணியில கழுவி, வெயில்ல நல்லா காய விட்டு, மெல்லிசா மெஷின் எண்ணெய், சமையலுக்கு எடுக்குறதா இருந்தா தேங்காண்ணெய். பருத்தித் துணியில சுத்துங்க, பிளாஸ்டிக் கவர் ஆகாது, வேர்க்கும், தோல் உறையும் ஈரம் இழுக்கும். பிடி செல்லரிக்காம இருக்க வேப்பெண்ணெய். ஐப்பசி கார்த்திகை மழையில மாசம் ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க.

வெளிய கொண்டு போறப்ப கூர் மேல தென்னை மட்டையோ அட்டையோ கட்டி, பையோட அடியில, அட்டையோட நகல் கூட வச்சு, பட்டறைக்கோ தோப்புக்கோ நேரா போங்க நேரா வாங்க. வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபர்ல பரமக்குடி, பசும்பொன் நிகழ்ச்சிய ஒட்டி நம்ம மாவட்டத்துல தடை உத்தரவு வரும், செக்கிங் தீவிரமா இருக்கும், அந்த நாள்ல எதையும் எடுத்துட்டு கிளம்பாதீங்க. ரீல்ஸ்ல அருவாவ தூக்கிட்டு நிக்கிறது, பிறந்த நாளுக்கு பட்டாக்கத்தியில கேக் வெட்டுறது, இதுக்கெல்லாம் கேஸ் போடுறாங்க, போடணும்னுதான் நான் சொல்லுவேன், நாம வேலைச் சாமான்னு வாதாடுற எல்லாத்தையும் அந்த ஒரு வீடியோ கெடுத்துருது.

சாக்குல நிஜமாவே வாளோ, வளரியோ (வளைஞ்ச எறி ஆயுதம்), கட்டாரியோ (குத்துக் கத்தி) இருந்துச்சுன்னா அது வேற பாதை. அது வேலைச் சாமான் இல்ல, 1801ல மருது சகோதரர்கள தூக்குல போட்ட பிறகு வெள்ளைக்காரன் இந்தச் சீமையில ஆயுதத்த எல்லாம் பறிச்சான், அதுக்குத் தப்பி ஒரு வீட்ல கிடந்தா அது பெரிய விஷயம். 100 வருஷம் தாண்டுன பொருளுக்கு 1972ல வந்த தொல்பொருள் சட்டம் பொருந்தும், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது, லைசென்ஸ் இல்லாம அத வியாபாரமாவும் பண்ண முடியாது. அகழாய்வு நடந்த அழகன்குளம் மாதிரி இடத்துல மண்ணத் தோண்டுறப்ப கிடைச்சதுன்னா கலெக்டருக்கு எழுதிக் குடுத்துரணும், 1878ல இருந்தே அது சட்டம். வீட்டுப் பொருளுன்னா ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்துல தொல்லியல் துறை மியூசியம் இருக்கு, அங்க காட்டி என்னன்னு கேளுங்க, குடுக்குறதா இருந்தா எழுத்துல ரசீது வாங்காம குடுக்காதீங்க.

லண்டன்ல இருக்குற மச்சான், கீழக்கரையில இருந்து போன சொந்தம் யாராவது புது வெட்டருவா ஒண்ணு ஞாபகத்துக்கு வேணும்னு கேட்டா, அந்த நாட்டுச் சட்டத்த அவங்களையே எழுத்துல கேட்டு அனுப்பச் சொல்லுங்க. இங்கிலாந்துல 2008ல இருந்து 50 சென்டிமீட்டருக்கு மேல போற வளைஞ்ச வாளுக்குத் தடை இருக்கு, ஆனா பழைய முறைப்படி கையால அடிச்சதுன்னு நிரூபிச்சா விலக்கு உண்டு. அங்கயும் பாருங்க, கடைசியில யாரு எப்படிச் செஞ்சாங்கங்கற பேப்பர்தான் பேசுது.

பதநீர் சீசன் தை மாசி வாக்குல ஆரம்பிச்சிரும், பனையேறுறவங்க அருவாவ தீட்டவும் வாய் அடிக்கவும் பட்டறைக்கு வர்றது அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அப்பப் போனீங்கன்னா ஆசாரியும் இருப்பாரு, வேலை தெரிஞ்சவங்களும் இருப்பாங்க, பேர் தெரியாத சாமானுக்கு அங்கயே பேர் கிடைக்கும். விடிய அஞ்சு மணிக்கெல்லாம் உலை மூட்டிருவாங்க, வெயில் ஏறுனா அணைச்சிருவாங்க, அதனால மொத நா ராத்திரியே அந்த ஊர்ல தங்கிருங்க.